ஒரு மாதிரி

ஞாயிறு முதல் வியாழன் வரை
முபாரக்கியா அங்காடியில்
நான் எதையும் தின்பதில்லை.
எடுக்கிறேன்.
கபாபில் ஒரு துண்டு, இறால் சோற்றில் ஒரு கரண்டி,
எலுமிச்சை பிழிந்த பருப்பு ரசத்தில் ஐம்பது மில்லி.
ஒட்டும் சீட்டில் கடை எண், மணி, வெப்பம்.
தோளில் ஐஸ் பெட்டி.
முன்னால் நகராட்சிப் பரிசோதகர் அபு நவாஃப்,
வெள்ளைத் திஷ்தாஷாவின் விளிம்பு
மீன்தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடித்தபடி.

நாங்கள் வரும் செய்தி
எங்களுக்கு முன்னே போய்விடும்.
மரக்கூரைக்குக் கீழே வாயிலிருந்து வாய்க்கு:
'ஜெபமணி வர்றான், பெட்டியோட வர்றான்.'
ஆணியில் தொங்கிய தொப்பிகள்
அவசரமாய்த் தலைக்கு இறங்கும்.
ஈ விரட்டும் பையன்
ஈயில்லாத இடத்திலும் விரட்டுவான்.
பூனைகள் மட்டும் அசையாது.
அவை நேற்றே பரிசோதித்துவிட்டன.

'உக்காரு, சாப்பிட்டுட்டுப் போ'
அரபியில், பார்சியில், வங்காளத்தில், மலையாளத்தில்.
வேண்டாம் என்பதை
நான்கு மொழியிலும் சொல்லப் பழகினேன்.
பசிக்கிறது என்று
ஒன்றிலும் சொன்னதில்லை.

மூக்குக்குத் தடையில்லை.
கொலாம்ரெஸா மாவைத் தந்தூர்ச் சுவரில் அறைந்து
கொப்புளம் எழுந்ததும் கொக்கியால் உரிக்கையில்
எள் கருகும் வாசம்
என் முகமூடிக்குள் நுழைந்து
வாடகை கொடுக்காமல் குடியிருக்கும்.

வியாழன் சாயங்காலம்
பெட்டியை ஆய்வகத்தில் வைத்துவிட்டு
அதே கூரைக்குள் நுழைவேன்.
வாரம் முழுக்கச் சேர்ந்த வாசங்களுக்கு
ஒவ்வொன்றாய் வாய் கொடுப்பேன்.
காகிதக் கூம்பில் அவித்த மொச்சை.
தோலை உதட்டால் உரிக்க வேண்டும்,
விரலால் உரிப்பவன் வெளியூர்க்காரன்.
ஒரு கபாப், ஒன்றே ஒன்று.
பாதி ரொட்டி;
மறுபாதி அடுத்த கடைக் குழம்புக்கு.
ஒரே இடத்தில் வயிறு நிரப்புவது
மற்ற அடுப்புகளுக்குச் செய்யும் துரோகம்.
ஷொஃபிகுல் டீயை உயர்த்தி ஆற்றுவான்,
நூற்றைம்பது ஃபில்ஸ்,
சில்லறை இல்லையென்றால் அடுத்த வாரம்.

போன வியாழன்
இப்படி ஆறு கடை தாண்டி
ஏழாவது எஸ்கந்தர் கடை.

மத்தியானம்தான் பார்த்திருந்தேன்.
ஞாயிறு எடுத்த மாதிரி எண் ஏழு,
வெள்ளரிக்காய்த் தயிர்,
கண்ணாடி வட்டில்
புள்ளி புள்ளியாய் வளர்ந்து கிடந்ததை.

'இன்னைக்குப் பெட்டி இல்லையே? அப்போ உக்காரு.'
பீங்கான் கிண்ணம்.
மேலே காய்ந்த புதினா, நொறுக்கிய வால்நட்.
கரண்டியைத் தன் சட்டையில் துடைத்து
என் கையில் வைத்தான்.
அடடா, அந்தச் சட்டை.

முடிவை முன்கூட்டிச் சொல்லக் கூடாது
என்று விதியில் இருக்கிறது.
தின்னக் கூடாது என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

தின்றேன்.
குளிர்ச்சி, பூண்டு, பின்னால் மெல்லப் புதினா.
நல்லாத்தான் இருந்தது, அதுதான் சங்கடம்.

'எப்படி?' என்றான்.
'ஒரு மாதிரி' என்றேன், தமிழில்.
புகழ்ச்சி என்று நினைத்துச் சிரித்து
இன்னொரு கரண்டி வைத்தான்.

அதையும் தின்றுவிட்டு எழுந்தேன்.
மூலையில் ஃபிரிட்ஜ் கதவு
ரப்பர் கிழிந்து விரலளவு திறந்திருந்தது.
தோள் கொடுத்து அழுத்தி மூடினேன்.
திறந்துகொண்டது.
மறுபடி மூடினேன்.
எஸ்கந்தர் பார்த்துக்கொண்டே நின்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளி முழுக்க
ஃபர்வானியா அறையில் மல்லாந்து கிடந்து
வயிற்றின் அறிக்கைக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.
அதற்கு அரபி எழுதத் தெரியாது போல.

இன்று ஞாயிறு.
அபு நவாஃப் கையில் மஞ்சள் உறை.
செய்தி எங்களுக்கு முன்னே ஓடுகிறது.
கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்க்கிறேன்.
எஸ்கந்தர் தலையில் தொப்பி இல்லை.
ஃபிரிட்ஜ் முன்னால் முழங்காலிட்டு
வாயில் திருகாணி கடித்து
கதவுக்குப் புது ரப்பர் பொருத்திக்கொண்டிருக்கிறான்.